மொத்தம் எவ்வளவு?
கூட்டல், கழித்தல் பொத்தான்களுக்குப் பின்னால் நடப்பது என்ன?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. இல்லறம் நடத்தும் பெண்களுக்கு இம்மூதுரையின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பிறந்ததும் கைக்கு வரும் சம்பளத்தை, அரிசிக்கு இவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று பகுத்து வைத்து, எஞ்சியதைக் கொண்டே ஏனைய செலவுகளைச் சமாளிக்க வேண்டியவர்கள் அவர்களன்றோ? கடையிலே ஒரு சாமானைக் கையில் எடுக்கும்போதே அவர்களுடைய மனத்திலே ஒரு கூட்டற் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

முன்னாளில் அந்தக் கணக்கு இருவருக்கும் பொதுவாய் இருந்தது. கடைக்காரர் காதிலே செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு கடதாசித் துண்டிலே விலைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, வாய்க்குள்ளே முணுமுணுத்துக் கூட்டுவார். எதிரே நிற்பவரும் தலைகீழாய்த் தெரியும் அந்த எண்களைத் தாமும் கூட்டிப் பார்ப்பார். இருவர் தொகையும் ஒத்து வந்தாற்றான் பணம் கைமாறும். 

இன்றோ நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட் நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, அதுவரை இணையத்திலே ஒரு நூற்பந்து தானும் வாங்கியிராத குடும்பங்கள் கூடக் கைத்தொலைபேசியிலே அரிசிக்கும் பருப்புக்கும் கட்டளை கொடுக்கப் பழகின. பழக்கம் நோயோடு போய்விடவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே விலைவாசி ஏறிய வேகத்தைக் கண்டவர்கள், பட்டியலின் அடியிலே நிற்கும் மொத்தத் தொகையை முன்னிலும் கூர்ந்து நோக்கலாயினர். சாமானின் பெயருக்கு அருகிலே இரண்டு சிறு பொத்தான்கள். ஒன்றிலே கூட்டற்குறி, மற்றதிலே கழித்தற்குறி. ஒன்றை அழுத்தினால் அளவு கூடுகிறது; மற்றதை அழுத்தினால் குறைகிறது; அடியிலுள்ள தொகையும் உடனே மாறிவிடுகிறது. 

அந்தத் தொகையைக் கூட்டுபவர் யார்? அவர் தவறாகக் கூட்டினால் நட்டம் யாருக்கு? இவ்விரு வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் எண்

தொகையை இருதரத்தாரும் காணும்படி காட்டவேண்டும் என்ற எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே டேட்டன் என்னும் நகரில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் றிற்றி என்பவர், தம் ஊழியர் பணத்தைக் கையாடுவது கண்டு மனம் நொந்திருந்தார். அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சமயம், கப்பலின் சுழலி எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் காட்டும் பொறியைக் கண்டதாகவும், பணத்தையும் இவ்வாறே எண்ணினால் என்ன என்று எண்ணியதாகவும் கூறுவர். 1879ஆம் ஆண்டிலே அவரும் அவருடைய சகோதரர் ஜோனும் பணப்பதிவுப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். கடிகார முகம் போன்ற ஒரு வட்டிலே தொகை தெரியும். அதனை விற்பவரும் காணலாம், வாங்குபவரும் காணலாம். அப்பொறிக்கு அவர்கள் ‘இலஞ்சம் வாங்காத காசாளன்’ என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினர். பின்னர் 1884இல் ஜோன் பற்றர்சன் என்பவர் அத்தொழிலை வாங்கி உலகெங்கும் பரப்பினார்.

1937இலே ஒக்லஹோமா நகரத்து மளிகைக் கடை உரிமையாளர் சில்வன் கோல்ட்மன், மடக்கு நாற்காலி ஒன்றைப் பார்த்து, சக்கரம் பூட்டிய கூடைவண்டியைச் செய்வித்தார். முதலில் வாடிக்கையாளர் அதனைத் தொடக் கூசினராம். ஆதலின் கூலிக்கு ஆட்களை அமர்த்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையைச் சுற்றி வரச் செய்தார் அவர். இன்று இணையக் கடைகளின் மூலையிலே நாம் காணும் சிறு வண்டிப்படம் அந்த வண்டியின் நிழலே.

வீட்டிலிருந்தே வாங்கிய மூதாட்டி

இங்கிலாந்திலே மைக்கல் ஓல்ட்றிச் என்பவர் 1979ஆம் ஆண்டிலே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணனியோடு இணைத்து, வீட்டிலிருந்தவாறே பொருள் வாங்கும் முறையைக் காட்டினார். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில், கேற்ஸ்ஹெட் நகரைச் சேர்ந்த ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது மூதாட்டி, தம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து, கைக்கருவியின் பொத்தான்களை அழுத்தி, மாஜரின், சோளத் துருவல், முட்டை ஆகியவற்றுக்குக் கட்டளை கொடுத்தார். முதியோருக்கும் நடமாட இயலாதோருக்கும் உதவும் நோக்குடன் அந்நகர சபை எடுத்த முயற்சி அது. உலகிலே இன்று கோடிக்கணக்கானோர் செய்யும் காரியத்துக்கு முன்னோடியாய் நின்றவர் ஒரு பாட்டியார் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இணையக் கடைகள் தோன்றிய முதற் காலத்திலே தொகை தானாக மாறாது. அளவை மாற்றியபின் ‘மீளக் கணக்கிடு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அச்செய்தி தொலைவிலுள்ள சேவையகத்துக்குப் போய், அங்கே கணக்கிடப்பட்டு, முழுப் பக்கமும் புதிதாய்த் திரும்பி வரும். அதுவரை வாங்குபவர் வெறுந் திரையைப் பார்த்துக் காத்திருப்பார். 1995ஆம் ஆண்டிலே நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்ற அம்மொழி, வாங்குபவரின் கருவியிலேயே கணக்குப் பார்க்கும் ஆற்றலைப் பக்கத்துக்கு அளித்தது. கடைக்காரர் பென்சிலோடு நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டார் என்று சொல்லலாம்.

பொத்தானை அழுத்தியதும்

ஒரு பட்டியலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 5 கிலோ அரிசிப் பொதி ஒன்று 1,200 ரூபா; அதில் இரண்டு. பருப்பு கிலோ 320 ரூபா; அதில் ஒன்று. தேயிலைப் பைக்கற் ஒன்று 450 ரூபா, அதில் மூன்று. அரிசிக்கு 2,400, பருப்புக்கு 320, தேயிலைக்கு 1,350. ஆக மொத்தம் 4,070 ரூபா.

இப்போது பருப்பின் கூட்டற் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறோம். பக்கத்திலே உறங்கிக் கிடந்த நிரல் விழித்துக்கொள்கிறது. அழுத்தப்பட்டது எந்த வரிசையின் பொத்தான் என்று பார்க்கிறது. அவ்வரிசையின் அளவை ஒன்றிலிருந்து இரண்டாக்குகிறது. அவ்வரிசையின் தொகையை 640 என மாற்றுகிறது. பின்னர் அடியிலுள்ள மொத்தத்தை 4,390 என்று எழுதுகிறது. தேயிலையில் ஒன்றைக் குறைத்தால் மொத்தம் 3,940 ஆகிறது. கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான பொழுதிலே இவ்வளவும் நடந்து முடிகின்றன. பார்ப்பதற்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குப் போலவே தோன்றும். ஆயினும் இந்த எளிய கணக்கிலே எத்தனை பள்ளங்கள் உள்ளன என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும்.

திருத்துவதா, புதிதாய்க் கூட்டுவதா?

மொத்தத்தை மாற்ற இரண்டு வழிகள் உள. முதலாவது, பழைய மொத்தத்தோடு மாற்றத்தை மட்டும் சேர்ப்பது. பருப்பு ஒன்று கூடிற்றா? மொத்தத்தோடு 320ஐக் கூட்டு. ஒன்று குறைந்ததா? 320ஐக் கழி. இரண்டாவது வழி, பொத்தான் அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் பட்டியலின் எல்லா வரிசைகளையும் முதலிலிருந்து மீளப் பெருக்கிக் கூட்டுவது.

முதலாவது வழி வேலையைக் குறைப்பது போலத் தோன்றும். ஆயின் அதிலே ஒரு வஞ்சகம் மறைந்திருக்கிறது. பருப்பின் அளவு பூச்சியத்துக்கு வந்துவிட்டது. தேயிலை இரண்டு, அரிசி இரண்டு. சரியான மொத்தம் 3,300 ரூபா. இந்நிலையிலே பருப்பின் கழித்தற் பொத்தானை மறதியாக இன்னொரு முறை அழுத்தினால் என்ன நேரும்? பூச்சியத்துக்குக் கீழே அளவு இறங்காதபடி நிரலர் தடுத்திருப்பார். ஆனால் மொத்தத்திலே 320ஐக் கழிப்பதைத் தடுக்க மறந்திருப்பார். அளவு பூச்சியமாகவே நிற்க, மொத்தம் 2,980 என்று காட்டும். அதன்பின் எத்தனை சாமானைச் சேர்த்தாலும் நீக்கினாலும் அந்த 320 ரூபாப் பிழை கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை நுழைந்த பிழை தானாக நீங்குவதில்லை.

இரண்டாவது வழியிலே அவ்வாறில்லை. ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே கூட்டுவதால், இடையிலே எது பிசகினாலும் அடுத்த அழுத்தத்தோடு திருந்திவிடும். பழைய கணக்கப்பிள்ளைகள் நிலுவையை மட்டும் நம்பாமல் ஆண்டு முடிவிலே மூலப் பதிவேட்டிலிருந்து மீளக் கூட்டினார்களே, அந்த மதி இதுதான். மனிதனுக்குத்தான் மீளக் கூட்டுவது சிரமம்; இருபது முப்பது வரிசைகளை மீளக் கூட்டுவது கணனிக்கு ஒரு வேலையே அன்று. ஆதலால் இத்துறையிலே புகும் மாணவர் முதலிற் கற்க வேண்டிய பாடம் இது: தொகையைத் திருத்தாதே, தொகையைக் கண்டுபிடி.

இரண்டும் ஒன்றும் இருபத்தொன்று

ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலே கூட்டற்குறிக்கு இரண்டு தொழில்கள் உண்டு. எண்கள் இரண்டைக் கொடுத்தால் கூட்டும். எழுத்துகளைக் கொடுத்தாலோ ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். பக்கத்திலுள்ள கட்டத்திலே எழுதப்பட்டிருக்கும் ‘2’ நம் கண்ணுக்கு எண்; கணனிக்கு அது எழுத்து. அதை எண்ணாக மாற்றாமலே ‘1’ஐக் கூட்டச் சொன்னால், விடை மூன்று அன்று, இரண்டின் அருகே ஒன்று ஒட்டி 21 ஆகிவிடும்! இரண்டு பொதி அரிசியை மூன்றாக்க விரும்பியவரின் பட்டியலிலே இருபத்தொரு பொதிகள் வந்து குந்திக்கொள்ளும்.

இதிலும் வேடிக்கை, கழித்தற்குறிக்கு ஒட்டும் தொழில் இல்லை. ஆகையால் அது எழுத்தையும் எண்ணாக மாற்றிக்கொண்டு ஒழுங்காகக் கழித்துவிடும். கழித்தற் பொத்தான் சரியாக வேலை செய்ய, கூட்டற் பொத்தான் மாத்திரம் பித்துப் பிடித்தது போல நடக்கும். சோதிப்பவர் கழித்தலை மட்டும் அழுத்திப் பார்த்து, எல்லாம் சரி என்று திருப்தியடைந்தால் ஆபத்துத்தான்.

ஆயிரத்தைப் பிரித்துக் காட்ட நாம் இடும் காற்புள்ளியும் இத்தகைய இடர் விளைப்பதே. ‘1,200’ என்று திரையிலே எழுதியிருப்பதை எண்ணாக மாற்று என்று ஒரு வகைக் கட்டளை கொடுத்தால், கணனி காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். அதற்கு முன்னுள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆயிரத்து இருநூறு ரூபா அரிசி ஒரு ரூபாவுக்குப் போய்விடும்! ‘ரூ.’ என்ற எழுத்தும் முன்னே நின்றால், ‘இது எண்ணே அன்று’ என்ற பொருளுடைய ஒரு சுருக்கெழுத்தை மொத்தத்தின் இடத்திலே காட்டி மயக்கும். இதற்குப் பரிகாரம் ஒன்றே. காட்டும் எண் வேறு, கணக்குக்குரிய எண் வேறு எனப் பிரித்து வைக்க வேண்டும். காற்புள்ளியும் ரூபாக்குறியும் அலங்காரங்கள். கணக்கு முடிந்தபின் பூட்ட வேண்டியவை.

சதத்திலே வரும் சங்கடம்

இலங்கையிலே நூறு சதம் கொண்ட ரூபா 1872ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. இன்று சதத்துக்குக் கடையிலே மதிப்பில்லை எனினும், கணக்கிலே அது மறையவில்லை. கிலோவின் பகுதிகளுக்கும் வரிகளுக்கும் விலை காணும்போது தசமப் புள்ளி வந்தே தீரும்.

பத்துச் சதம், அதாவது 0.1 ரூபா, மூன்று முறை சேர்ந்தால் முப்பது சதம் என்பது குழந்தையும் அறிந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலே 0.1ஐ மூன்றாற் பெருக்கிப் பாருங்கள், 0.30000000000000004 என்று விடை வரும். கணனி பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். நாம் பத்தின் அடியிலே எண்ணுகிறோம். கணனி இரண்டின் அடியிலே எண்ணுகிறது. மூன்றில் ஒன்றை நாம் தசமத்திலே எழுத முயன்றால் 0.333 என்று முடிவின்றிப் போகுமன்றோ? அவ்வாறே பத்தில் ஒன்று கணனியின் எண்முறையிலே முடிவின்றிப் போகும். ஓரிடத்திலே அதனை வெட்டி நிறுத்த வேண்டியிருப்பதால் மயிரிழை பிசகு உண்டாகிறது. 1985ஆம் ஆண்டிலே சர்வதேசப் பொறியியலாளர் சங்கம் ஒன்று வகுத்த ஐ.இ.இ.இ. 754 என்னும் நியமத்தைப் பின்பற்றும் எல்லாக் கருவிகளிலும் இது பொது.

இப்பிசகு ஒரு கட்டளையிலே கண்ணுக்குத் தெரியாது. தொகையை முழுமையாக்கும்போது மேலே போவதா, கீழே வருவதா என்ற எல்லையிலே நிற்கும் எண்களில் மாத்திரம் ஒரு சதம் பிறழும். ஆனால் ஒரு சதம் பிறழ்ந்தாலும் கடையின் பேரேடும் வங்கியின் பேரேடும் ஒவ்வாது; கணக்காளர் அச்சதத்தைத் தேடி இரவெல்லாம் விழித்திருக்க நேரும். அறிந்தோர் கையாளும் வழி மிக எளிது. எல்லா விலைகளையும் சதமாகவே வைத்துக்கொள்வர். 320 ரூபாவை 32,000 சதம் என்று குறித்துக்கொண்டால் அங்கே புள்ளிக்கு இடமில்லை. முழு எண்களைக் கணனி பிசகின்றிக் கூட்டும். இறுதியிலே திரையில் காட்டும்போது மாத்திரம் நூறால் வகுத்து ரூபாவாக்குவர்.

புத்தகம் வாங்கியவருக்குக் கடை கொடுத்த காசு

கழித்தற் பொத்தானின் விபரீதத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டிலே அமேசன் நிறுவனம் இணையத்திலே புத்தகக் கடை திறந்தது. அதன் தொடக்க நாட்களிலே வாடிக்கையாளர் புத்தகத்தின் அளவைப் பூச்சியத்துக்கும் கீழே இறக்கி, கழித்தல் எண்ணாகக் கொடுக்கக்கூடியதாய் இருந்தது என்பதை நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தாமே ஒரு சொற்பொழிவிலே நகைச்சுவையோடு எடுத்துரைத்துள்ளார். அவ்வாறு கொடுத்தால் கடையின் கணக்கு அதற்குரிய பணத்தை வாடிக்கையாளரின் கடனட்டையிலே வரவு வைத்துவிடுமாம்! புத்தகத்தை அவர் கடைக்கு அனுப்பி வைப்பார் என்று காத்திருப்பதுதான் கடையின் வேலை போலும்.

அளவுக் கட்டத்திலே பூச்சியத்துக்குக் குறையாதபடி தடை போட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. காரணம், நாம் பார்க்கும் பக்கம் இருப்பது கடையிலே அன்று, நம் கையிலே. விஷயம் தெரிந்த எவரும் தம் கருவியில் உள்ள பக்கத்தின் எண்களை விரும்பியவாறு மாற்றி எழுதிவிட முடியும். 1,200 ரூபா அரிசிக்கு 12 ரூபா என்று தம் திரையிலே எழுதிக்கொள்வதை யாரும் தடுக்க இயலாது. கடை அந்தத் தொகையை அப்படியே நம்பிப் பணம் பெற்றால், அது வாங்குபவரிடமே பென்சிலைக் கொடுத்து விலையெழுதச் சொல்வதை ஒக்கும்.

ஆகவே நல்ல கடை செய்வது இதுதான். வாங்குபவரின் கருவியிலிருந்து எந்தப் பொருள், எத்தனை என்ற இரண்டை மாத்திரமே ஏற்றுக்கொள்ளும். அளவு முழு எண்ணா, ஒன்றுக்குக் குறையாததா, இருப்பிலே அவ்வளவு உண்டா என்று சோதிக்கும். விலையைத் தன் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து, மொத்தத்தைத் தானே மீளக் கூட்டும். நம் திரையிலே மாறும் தொகை நமக்கு உதவியாய்க் காட்டப்படும் மதிப்பீடு. பணம் பெறுவதற்குரிய தொகை சேவையகத்திலே கூட்டப்படுவது. இவ்விரண்டும் ஒத்து வராவிடின், கடை பேசாமற் பணத்தை எடுத்துக்கொள்ளலாகாது; விலை மாறியுள்ளது என்று சொல்லி, வாங்குபவரின் சம்மதத்தை மீண்டும் கேட்டல் வேண்டும். பட்டியலைக் காலையிலே நிரப்பி மாலையிலே பணம் செலுத்துவோர் பலர். இடைப்பொழுதிலே விலை ஏறியிருத்தல் கூடும். 

கிராமப் புறங்களிலே அலைவரிசை மெலிந்திருக்கும்போது இன்னொரு சிக்கலும் எழும். கூட்டற் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்துகிறோம்; மூன்று செய்திகள் சேவையகத்துக்குப் போகின்றன. விடைகள் போன வரிசையிலேயே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. முந்திய விடை பிந்தி வந்தால் திரையிலே பழைய தொகை நின்றுவிடும். கடைசிக் கேள்விக்குரிய விடையை மட்டுமே ஏற்று, ஏனையவற்றைத் தள்ளிவிடும்படி நிரலை எழுதுவதே முறை. அவ்வாறே, பொறுமையிழந்து ‘பணம் செலுத்து’ என்பதை இருமுறை அழுத்தினால் இருமுறை பணம் போகாதிருக்க, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மீண்டும் வந்தால் புறக்கணிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

கண்ணில்லார்க்கும் கணக்குண்டு

திரையைக் காண இயலாதோர், எழுத்தை ஒலியாக வாசித்துக் காட்டும் கருவியின் துணையோடு இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். பொத்தானிலே வெறுங் கூட்டற்குறி மட்டும் இருந்தால், அக்கருவி எதைக் கூட்டுவது என்று சொல்லாது. ‘பருப்பு, ஒன்று கூட்டு’ என்ற பெயரை நிரலர் அப்பொத்தானுக்கு மறைவாக இட்டு வைத்தல் வேண்டும். பார்வையுள்ளவருக்குத் தொகை மாறியது தெரிகிறது. மற்றவருக்குத் தெரிய வேண்டாமா? மாறும் இடத்தை ‘இது மாறும், மாறினால் வாசி’ என்று குறித்து வைக்க வழியுண்டு. உலகளாவிய வலைச் சங்கம் 2014ஆம் ஆண்டிலே இதனை ஒரு நியமமாக வெளியிட்டது. விரல் நடுங்கும் முதியோரையும் மனங்கொண்டு, 2023ஆம் ஆண்டு வெளிவந்த அதன் வழிகாட்டி, பொத்தான்கள் நீளத்திலும் அகலத்திலும் 24 படப்புள்ளிகளுக்குக் குறையலாகாது, அன்றேல் அவற்றிடையே போதிய இடைவெளி வேண்டும் என்கிறது. கூட்டலும் கழித்தலும் நெருங்கிக் கிடந்தால், ஒன்றைத் தொட நினைத்து மற்றதைத் தொட்டுவிடுதல் இயல்பே.

கடைசிப் படியிலே ஏறும் தொகை

இதுவரை கூறியவை அறியாமையால் வரும் பிழைகள். அறிந்தே செய்யப்படுவனவும் உள. பட்டியலிலே ஒரு தொகையைக் காட்டி, முகவரியும் அட்டை இலக்கமும் கொடுத்து அலுத்த பின்னர், பொதி கட்டும் கூலி, கொண்டுவரும் கூலி, சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ப்பது ஒரு தந்திரம். கேளாத பொருளை முன்கூட்டியே தெரிவு செய்து வைத்திருப்பது மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலே இயற்றி, 2014 ஜூன் 13 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பணிப்புரை, மேலதிகக் கட்டணங்களுக்கு முன்கூட்டியே குறியிட்டு வைப்பதைத் தடுத்தது. இறுதிப் பொத்தானிலே பணம் செலுத்தும் கடப்பாட்டுடன் கட்டளையிடுவதாகத் தெளிவாக எழுத வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டிலே இணையவழி ஒப்பந்தங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கற் சட்டம் இடமளித்துள்ளது. ஆகையால் திரையிலே அழுத்திய பொத்தானை விளையாட்டாகக் கொள்ளலாகாது. கையொப்பம் போல அதற்கும் பொறுப்புண்டு. வாங்குவோரின் நலன் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை அமைந்துள்ளது. முறைப்பாட்டுக்குச் சான்று வேண்டும். சான்றைச் சேர்த்து வைப்பது நம் கடமை.

இல்லத்தரசிகள் கவனத்துக்கு

பணம் செலுத்துமுன் ஒவ்வொரு வரிசையின் அளவையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 3 இருக்க வேண்டிய இடத்திலே 21 இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நூறுகளாக்கி மனக்கணக்காகக் கூட்டி, தொகை ஏறத்தாழ ஒத்து வருகிறதா என்று நோக்குங்கள். இணைப்பு மெலிந்திருக்கையில் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எண் மாறும்வரை பொறுத்திருங்கள். கொண்டுவரும் கூலி சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்று கவனியுங்கள். இறுதித் தொகை தெரியும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். சாமான் வந்ததும் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். வீட்டிலே பிள்ளைகள் இருந்தால் இவ்வேலையை அவர்களிடம் ஒப்படைப்பது நன்று. பாடசாலையிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

ஊரிலே சிறு கடை வைத்திருப்போர் பலர் இன்று இளைஞர் ஒருவரின் துணைகொண்டு இணையத்திலும் கடை திறக்கின்றனர். அவ்விளைஞருக்கும் ஒரு வார்த்தை. உம்முடைய நிரலிலே உள்ள ஒரு சிறு பிசகு, இலாபம் குறைந்த அக்கடைக்காரரின் ஒருநாட் பிழைப்பையே விழுங்கிவிடலாம்; அல்லது எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு தாயின் பால்மாக் காசைப் பறித்துவிடலாம். பூச்சியத்திலும், பெரிய எண்ணிலும், எழுத்திலும், வெற்றுக் கட்டத்திலும் உம் பொத்தான்களைச் சோதித்த பின்னரே அவற்றைப் பிறர் கையிலே கொடும்.

கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே கடதாசியைப் பார்த்துக் கூட்டிய காலத்திலே பிழை வந்தால் இருவரும் சேர்ந்து சிரித்துத் திருத்திக்கொண்டனர். இன்று அவ்விருவரும் ஒருவரை ஒருவர் காண்பதில்லை. காணாத இருவருக்கிடையே நம்பிக்கைக்குச் சாட்சியாய் நிற்பது அந்தத் திரையின் அடியிலுள்ள ஒற்றை எண்தான். அது நேர்மையாய் இருக்கட்டும்.